தம்பி ஊதிய இசைத்தட்டு

முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"தம்பி சாக்ஸபோன் ஊதின புது ஜாஸ் இசைத்தட்டு வந்திருக்கு, அக்கா. கேட்டால், பாட்டு இடையில துலைஞ்சுபோகுது."

"துலையுதோ?"

"ஓம். பிறகு வேறை பக்கத்தால வருது. எனக்கு விளங்கேல்லை. ஆனா அப்பு மூண்டு தரம் போடச் சொன்னவர்."

"கடல்தொழிலை விட்டிட்டுக் கொழும்புக்கு ஓடினவன் எண்டு மகனோடை கதைக்காமல் இருந்த மனிசனோ?"

"அவர்தான். 'கரை மறைஞ்சாலும் இவனுக்குத் திசை தெரியுது' எண்டு சொன்னவர்."

"இப்ப எங்கை போறியள்?"

"கொழும்புக்கு. நேரில கேக்கவேணுமாம்."

முன் இருக்கையில் புதுச்சட்டை போட்ட கிழவர் கொண்டக்டரிடம் உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "என்ரை மோன் ஊதிறான். கேக்கப் போறன்."