தாமல் மாமரத்துச் செடி

ஆர்க்கிட் செடிக்கு மண் வேண்டாம் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் எளிதில் நம்புவதில்லை. மரப்பட்டையைப் பிடித்துக்கொண்டு, காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்தே அது வளர்ந்துவிடும். இதை நாலு பேருக்குப் புரியவைக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. ஐயா பொறுமையாகக் கேட்பதால் செடியிலிருந்தே தொடங்குகிறேன். எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

என் பெயர் கலியாணசுந்தரம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரிடம் இருபத்திரண்டு வருஷமாகக் கம்பவுண்டராக இருக்கிறேன். மருந்து கலப்பதில் என் கை தவறியதே இல்லை. பொழுதுபோக்கு என்றால் தோட்டம் ஒன்றுதான். ஆறு பேர் சேர்ந்து மலர் வளர்ப்புக் குழு ஒன்று வைத்திருந்தோம். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை என் வீட்டுத் தோட்டத்தில் கூடுவோம். வருஷத்துக்கு ஒரே ஒரு வகைச் செடியைத் தேர்ந்தெடுத்து, ஆறு பேரும் ஒரே நாளில் அவரவர் வீட்டில் வைப்போம். எத்தனை இலை, எத்தனை வேர் என்று மாதாமாதம் எழுதிக்கொண்டு வந்து ஒப்பிட்டுப் பார்ப்போம். கூட்டு வளர்ப்பு என்று அதற்குப் பெயர் வைத்தவன் நான்தான்.

குழுவுக்குத் தலைவர் பட்டுக்கடை ராஜவேலு. பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் பட்டம்மாள் இருந்தார். தபாலாபீசில் கடிதம் பிரிக்கும் சார்ட்டராக இருந்த தேவசகாயம் கடைசியாக வந்து சேர்ந்தவர். அவருக்குச் சொந்த ஊர் பக்கத்தில் உள்ள தாமல். காலனிக்காரர், கிறிஸ்தவர். அவருடைய அப்பா அந்த ஊர் ஏரிக்கரை மாந்தோப்பில் கூலிக்கு மாங்காய் பறித்தவர். இதெல்லாம் அவராகச் சொன்னது. நான் கேட்டதில்லை. வித்தியாசம் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. மற்றவர்கள் முன்வாசலில் செருப்பை விட்டுவிட்டு, வீட்டைக் கடந்து தோட்டத்துக்கு வரவேண்டும். அவர் மட்டும் பக்கத்துச் சந்து வழியாக நேராக வந்துவிடுவார். அவருக்கு அந்த வசதியைச் செய்து கொடுத்திருந்தோம்.

அறுபத்தொன்பதாம் வருஷத்துக்கு ஆர்க்கிட் வைப்பது என்று முடிவாயிற்று. எந்த ஆர்க்கிட் என்பதுதான் கேள்வி. நான் எட்டு மாதம் புத்தகம் படித்தேன். வடக்கே காலிம்பாங் மலையில் உள்ள ஒரு நர்சரிக்குக் கடிதம் எழுதி விலைப்பட்டியல் வரவழைத்தேன். கேட்லியா என்று ஒரு வகை, உள்ளங்கை அகலத்துக்கு ஊதாப் பூ. மே மாதக் கூட்டத்தில் அதன் படத்தைக் காட்டி முக்கால் மணி நேரம் பேசினேன். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள்.

பிறகு தேவசகாயம் ஒரு கோணிப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு மாங்கிளைத் துண்டு. அதைப் பற்றிக்கொண்டு வெள்ளை வேர்கள், வார்போல் நீண்ட இலைகள், நடுவில் ஒரு பூங்கொத்து. மங்கிய மஞ்சள் இதழ்களில் பழுப்பு நிறத்தில் வலை பின்னியதுபோல் கோடுகள். நடுவில் நீலநிற உதடு. தோட்டம் முழுக்க மணந்தது.

"தாமல் ஏரிக்கரையில மாமரத்துமேல தன்னால வளருதுங்க. நம்ம வெய்யிலுக்கு அசராது. எங்க ஆளுங்க இதுக்குப் பேர்கூட வெக்கலீங்க" என்றார்.

பட்டம்மாள் டீச்சர் என் புத்தகத்தையே புரட்டி, அது வாண்டா என்று கண்டுபிடித்தார். அதுவும் ஆர்க்கிட்தான்.

ராஜவேலு சிரித்துக்கொண்டே சொன்னார்: "கம்பவுண்டரே, உங்க பூவு மலைக்காத்து கேக்குது. காஞ்சீபுரத்துல மலைக்கு எங்கப்பா போறது? இதையே வெச்சிக்கலாம்." சொன்னதோடு விடாமல், தன் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியை இழுத்துப் போட்டார். "எத்தினி நாளு நின்னுக்கினே இருப்பே? உக்காருபா தேவசகாயம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உட்கார்ந்தார்.

கை தூக்கச் சொன்னார்கள். வாண்டாவுக்கு ஐந்து, கேட்லியாவுக்கு ஒன்று. முடிவை மினிட்ஸ் புத்தகத்தில் நானே எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

எனக்குக் கோபம் இல்லை, ஐயா. ஒரு தேர்வு தவறு என்றால் அதைத் தவறு என்று நிரூபிப்பதுதான் முறை. ஜூன் மாதம் தேவசகாயம் பறித்து வந்த வாண்டாவை ஆறு பேரும் அவரவர் வீட்டில் மரத்துண்டில் கட்டினோம். என் பங்குச் செடியைக் கிணற்றடிச் சுவரில், நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில் தொங்கவிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. கேட்லியாவிலும் நான்கு செடி தனியாகத் தருவித்தேன். பார்சல் வந்த அன்று, வாடிவிடக்கூடாது என்று, தேவசகாயமே சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஈரச்சாக்கு கட்டி, விசிறி வைத்து, பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் அவற்றைப் பார்த்துக்கொண்டேன். செப்டம்பருக்குள் நான்கும் அழுகிப்போயின. சுவரில் தொங்கிய வாண்டா புதிதாக இரண்டு வேர் விட்டிருந்தது.

அக்டோபரில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுத் தாமலுக்குப் போனேன். ஏரிக்கரை மாமரங்களில் ஏணி வைத்து ஏறி, கைக்கு எட்டிய செடிகளையெல்லாம் சுரண்டி எடுத்தேன். நாற்பதுக்கு மேல் இருக்கும். சருகோடு சேர்த்து அங்கேயே கொளுத்தினேன். பச்சையாக இருந்ததால் சாயங்காலம் வரை புகைந்தது. குழுவில் யாருடைய செடியாவது பட்டுப்போனால் மாற்றுச் செடி கிடைக்கக்கூடாது என்பதுதான் என் எண்ணம். ஆனால் யாருடைய செடியும் பட்டுப்போகவில்லை.

பிப்ரவரிக் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு தேவசகாயம் மட்டும் நின்றார். கிணற்றடிச் சுவரைப் பார்த்துவிட்டு, "வெய்யிலு ரொம்பப் படுது சார். நான் வேணா எடுத்துக்கினு போயி தேத்திக் குடுக்கட்டுங்களா?" என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தோப்புக்காரரு சொன்னாரு சார். கண்ணாடி போட்டுக்கினு ஒருத்தரு ஏணி வெச்சி ஏறினாருன்னு. நான் யார்கிட்டயும் சொல்லலீங்க. உங்களுக்குச் செடிமேல அவ்ளோ ஆசைன்னா என்னையே கேட்டிருக்கலாமே சார். எத்தினி வேணும்னாலும் நானே ஏறிப் பறிச்சாந்து குடுத்திருப்பேனே."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதை ஆசை என்று அவரே ஒரு பெயரும் வைத்து, என்னை மன்னித்தும் விட்டார். என் வீட்டுத் தோட்டத்தில் நின்றுகொண்டு. ஒரு மனிதர் இன்னொருவரை மன்னிப்பதற்கு ஒரு தகுதி வேண்டும் அல்லவா, ஐயா? நான் நன்றி சொல்லி அனுப்பிவைத்தேன்.

டாக்டரின் மருந்தறையில் சாவி போட்டுப் பூட்டும் அலமாரி ஒன்று உண்டு. சாவி என்னிடம்தான் இருக்கும். அதிலிருந்து எடுத்த வெள்ளைப் பொடிக்கு வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது. மார்ச் மாதக் கூட்டத்துக்கு அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் எல்லோருக்கும் காபி கொடுப்பது வழக்கம். டம்ளர் மாறிவிடுமோ என்ற கவலை எனக்கு இருக்கவில்லை. அவருடைய டம்ளர் தனி. கிணற்றடி மாடத்தில் கவிழ்த்து வைத்திருக்கும். குடித்தபின் அவரே கழுவி அதே இடத்தில் வைத்துவிடுவார். என் மனைவி பெரியநாயகி மேலிருந்து ஊற்றுவாள். மூன்று வருஷமாக இப்படித்தான் நடந்தது. யாருக்கும் இதில் வருத்தம் இல்லை. அவர்கூட ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அன்று அந்த டம்ளரை நானே எடுத்து, பெரியநாயகி ஊற்றிய காபியில் சர்க்கரை போட்டு, என் கையாலேயே அவரிடம் கொடுத்தேன். அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ராஜவேலுவுக்குக் கூட ஆச்சரியம். "காலம் மாறிப்போச்சு டீச்சர், பாத்தீங்களா" என்று பட்டம்மாளிடம் சொன்னார். எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்தது.

"இன்னிக்கு காப்பி ரொம்ப நல்லா இருக்குதுங்க சார்" என்றார் தேவசகாயம். வீட்டில் சொல்வதாகச் சொன்னேன். கழுவுவதற்கு டம்ளரை எடுத்துக்கொண்டு போனவரைத் தடுத்து, "குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது.

இரவுக்குள் வாந்தி தொடங்கி, காலையில் அவரை எங்கள் டாக்டரிடமே ரிக்‌ஷாவில் தூக்கிவந்தார்கள். ஊரில் அப்போது வாந்திபேதி இருந்தது. டாக்டரும் அப்படித்தான் நினைத்தார். அவர் எழுதிக்கொடுத்த மருந்தை நான் அளவு பிசகாமல் கலந்தேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை. என் தொழிலில் எந்தக் குறையும் வைக்கக்கூடாது. அவருடைய மனைவி அம்சா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, உங்களெத்தான் நம்பியிருக்கேன்" என்றாள். மறுநாள் மத்தியானம் அவர் இறந்தார். கடைசிவரை என்னை சார் என்றுதான் கூப்பிட்டார்.

இரண்டு விஷயங்களில் என் கணக்கு தப்பியது. ஒன்று, அவர்கள் புதைப்பவர்கள். எங்களவர்களாக இருந்தால் அன்றே எரித்திருப்போம். ஒரு மாதம் கழித்துத் தோண்டிப் பார்க்க எதுவும் இருந்திருக்காது. இன்னொன்று என் மனைவி.

ஏப்ரல் கூட்டத்துக்கு அம்சா வந்தாள். தேவசகாயம் எழுதிவைத்த நோட்டைக் கொண்டுவந்து, அவர் விட்ட இடத்திலிருந்து தான் எழுதலாமா என்று கேட்டாள். எல்லோரும் சம்மதித்தார்கள். அந்த வருஷத்துக் கூட்டு வளர்ப்புக்கு அவர் பெயரையே வைப்பது என்று ராஜவேலு சொன்னார். அதையும் நான்தான் மினிட்ஸில் எழுதவேண்டியிருந்தது. பெரியநாயகி காபியோடு வந்தவள், அம்சாவைப் பார்த்ததும் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எல்லோரும் போன பிறகு அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"ஏங்க, அந்த டம்ளரை நீங்க எதுக்குக் கழுவினீங்க?"

மரியாதைக்காக என்றேன். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். நான் எதைத் தொடுவேன், எதைத் தொடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். "அதுல காப்பி ஊத்தினது என் கையிதாங்க" என்றாள். மறுநாள் காலை போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தே போனாள். அவள் அங்கே சொன்னதெல்லாம் உண்மை. நான் மறுக்கவில்லை. தேவசகாயத்தைக் கொன்றது நான்தான்.

ஆனால் இன்ஸ்பெக்டர் வேறு ஒரு காரணத்தை எழுதியிருக்கிறார். அது சரியில்லை. சாதிக்காக ஒரு மனிதரைக் கொல்கிறவன் நான் இல்லை. இது செடித் தேர்வைப் பற்றிய கருத்து வேறுபாடு. மாஜிஸ்திரேட் ஐயா அதை அப்படியே பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன்.

ஐயா கடைசியாக ஒரு கேள்வி கேட்டீர்கள். இதே வாண்டாவை அன்றைக்கு ராஜவேலு கொண்டுவந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? முதல் கையை நானே தூக்கியிருப்பேன். அது நல்ல செடி, ஐயா.