சத்தம் மாறுற இடம்

வாங்க சார், உள்ள வாங்க. பக்கத்து வீட்டுக்காரரா இருந்துக்கிட்டு, என் ஷெட் வாசல்ல நின்னுக்கிட்டா சண்டை போடறது? உக்காந்து போடுங்க. அந்த ஸ்டூல் வேணாம், எண்ணெய்ப் பிசுக்கு, பேன்ட்டு பாழாயிடும்.

சத்தந்தானே? நியாயம். உள்ளங்கையில அடங்கற பொம்மை விமான இஞ்சின், ஆனா ஊரையே கூட்டிடும். இருங்க, இந்தப் பிளக்கை மட்டும் மாட்டிடறேன்.

நாத்தமா? அது விளக்கெண்ணெய் சார். எரிபொருள்ல கலக்கறது. உள்ள காஞ்சு போனா கோந்து மாதிரி ஒட்டிக்கும். போன வாரம் எம் பொண்ணு விமானத்தை ஓட்டிட்டு, டேங்கைக் காலி பண்ணாம அப்படியே வச்சுட்டா. புரொப்பெல்லர் அசையவே மாட்டேன்னுடுச்சு. எங்க மாப்பிள்ளை குறடைத் தூக்கிட்டு வந்துட்டார். அவருக்கு எல்லாத்துக்கும் குறடுதான். அய்யா சாமி, கையை எடுங்கன்னேன். என் சம்சாரத்தோட ஹேர் டிரையரை எடுத்துச் சூடு காட்டி, நாலு சொட்டு எண்ணெய் விட்டு, மெதுவா ஆட்ட ஆட்ட அதுவா இளகிக் கொடுத்துச்சு. இப்ப டிரையர்ல விளக்கெண்ணெய் வாடை. அவ என்கூடப் பேசறதில்ல. அதுவும் ஒரு நிம்மதிதான், விடுங்க.

நாளைக்குப் போட்டி சார். மழைக்காலம் பூரா எம் பொண்ணு ஒவ்வொரு குச்சியா ஒட்டிச் செஞ்ச விமானம். இஞ்சின் மட்டும் என் பொறுப்பு. ஆகாசத்துல அது நின்னு போச்சுன்னா மொத்த உழைப்பும் சுள்ளியாயிடும். அதான் காலையிலிருந்து ஓட்டி ஓட்டிப் பாக்கறேன்.

ஏன் இத்தனை தடவையா? இந்த ஊசியைப் பாருங்க. உள்ள திருகத் திருக எரிபொருள் குறையும், சத்தம் ஏறும். உச்சத்துக்குப் போனதும் கொஞ்சம் பின்னால திருப்பி வைக்கணும். தாண்டிட்டா இஞ்சின் வெந்து போயிடும். போன மாசம் ஒண்ணு அப்படித்தான் போச்சு. மாப்பிள்ளை தலையில பழியைப் போட்டுட்டேன், பாவம்.

சுத்து எண்ணிக் காட்டற மீட்டரா? எம் பொண்ணு வாங்கித் தரேன்னுதான் சொன்னா. எனக்கெதுக்கு, காது இருக்குன்னு பீத்திக்கிட்டேன். இப்ப எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கறது?

என்ன சொன்னீங்க? இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க. ஏறி ஏறிப் போயி, அப்புறம் லேசாக் கம்முதா? உங்க வீட்டுக்குள்ள இருந்தே தெரியுதா?

சார், அந்த இடத்தைத்தான் நான் காலையிலிருந்து தேடறேன். எனக்கு அது கேக்கறதில்ல. கொஞ்ச நாளாவே கேக்கல. வீட்டுல யாருக்கும் தெரியாது. எங்கப்பா காது இருக்க எனக்கென்ன கவலைன்னு அவ ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறா.

சண்டையை நாளன்னிக்கு வச்சுக்கலாம். எனக்குப் பின்னால வந்து நில்லுங்க, புரொப்பெல்லர் பக்கம் போயிடாதீங்க. நான் மெதுவாத் திருகறேன். அது கம்முற இடம் வந்ததும் தோள்ல ஒரு தட்டு தட்டுங்க.