கிடர்பூர் கல்லறையில் ஏற்றாத மெழுகுதிரி

அபாயச் சங்கு ஊதுகிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி. அம்மா என்னைக் கல்லறை மண்டபத்துக்குள் தள்ளுகிறாள். என் மேல் என் கூட்டாளி சுபைதா வந்து விழுகிறாள். அவளைத் தள்ளியது அவளுடைய உம்மா. வாசல் குட்டை. தலை இடிக்கிறது.

"ஏட்டி, வெளிய வந்திராதீய! குப்புறப் படுங்க!"

அம்மாவின் குரல். பிறகு அதை நான் கேட்கவில்லை.

இடம் கல்கத்தா, கிடர்பூர். ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்திருந்த காலம். கார்த்திகை மாதம். ஞாயிற்றுக்கிழமை. உச்சிக்கு முன். முந்தின வருடம் இரவில் வந்து குண்டு போட்டார்கள். பகலில் வரமாட்டார்கள் என்று நம்பியிருந்தோம். எனக்கு ஏழு வயது. பெயர் மிக்கேலம்மாள்.

அப்பா தூத்துக்குடிக்காரர். சுபைதாவின் வாப்பா காயல்பட்டினம். இருவருக்கும் கப்பலில் சரக்கு இறக்கும் வேலை. சண்டைக் காலத்தில் ஞாயிறும் வேலைதான். அதனால் அம்மாவும் உம்மாவும் ஞாயிறுதோறும் கல்லறைக்கு வருவார்கள். வேலைக்குப் போனவர்கள் முழுசாகத் திரும்பி வரவேண்டும் என்பதுதான் வேண்டுதல்.

அந்தக் கல்லறை துறைமுகத்தைவிடப் பழையது. உள்ளே யார் என்று ஒருவருக்கும் தெரியாது. முஸ்லிம்கள் பீர் பாபா என்கிறார்கள். கிறிஸ்தவர்கள் நாங்கள் புனிதர் என்கிறோம். கல்லின் மேல் பச்சைத் துணி. சுவரில் சிலுவை. இரண்டையும் யாரும் எடுத்ததில்லை. அங்கே ஒரு முறை உண்டு. உன் மெழுகுதிரியை நீ ஏற்றக் கூடாது. பக்கத்தில் நிற்பவர்தான் ஏற்ற வேண்டும்.

உம்மாவின் திரியை அம்மா ஏற்றி முடித்திருந்தாள். அம்மாவின் திரியருகே உம்மா நெருப்பைக் கொண்டுபோனாள். அப்போதுதான் சங்கு. எங்களைத் தள்ளிவிட்டு இருவரும் துறைமுகம் பக்கம் ஓடினார்கள். புருஷன்மார் அங்கே. அம்மாவின் கையில் ஏற்றாத திரி. அதை நான் பார்த்தேன்.

"பாகோ! பாகோ!" யாரோ இந்தியில் கத்துகிறார்கள். ஓடு, ஓடு என்று.

முதலில் வண்டு போல ஒரு ரீங்காரம். பிறகு நம் பீரங்கிகள். டக். டக். டக். பிறகு சீட்டியடிப்பது போல ஒரு சத்தம், மேலிருந்து கீழே. அது நின்றதும் தரை தூக்கிப் போட்டது. சுண்ணாம்பு உதிர்ந்து வாயெல்லாம் மண். சுபைதா என் தலைமயிரைப் பிடித்திருந்தாள். விடவே இல்லை.

கடைசியில் சங்கு ஏறாமல் இறங்காமல் ஒரே நீட்டாக ஊதியது. ஆபத்து தீர்ந்தது என்று பொருள். வெளியே வந்தோம். சணல் மூட்டைகள் எரிந்தன. சத்தமே இல்லை. புகை மட்டும். சாயங்காலம் வரை வாசலில் உட்கார்ந்திருந்தோம். யாரும் வரவில்லை. உடல்களை லாரியில் கொண்டுபோனதாகப் பிறகு சொன்னார்கள்.

என்னைக் கன்னியாஸ்திரிகள் வளர்த்தார்கள். அவளை மாமா வளர்த்தார். இருவரும் கிடர்பூரை விட்டுப் போகவில்லை. வருடந்தோறும் கார்த்திகை ஞாயிற்றில் கல்லறைக்குப் போவோம். உம்மா பேரில் அவள் கொண்டுவரும் திரியை நான் ஏற்றுவேன். அம்மா பேரில் நான் கொண்டுபோகும் திரியை அவள் ஏற்றுவாள். நெருப்பு சட்டென்று பிடிக்காது.

"ஏட்டி மிக்கேலு, ஒங்கம்மாக்கு ஒன்னய மாதிரியே வீம்பு. எரிய மாட்டேங்கா பாரு" என்பாள்.

"ஒன் கை நடுங்குது. எங்கம்மாவ ஏன் சொல்லுத?" என்பேன்.

இந்த ஆடியில் சுபைதா இறந்துபோனாள். அவள் பிள்ளைகள் துபாயில். உம்மாவின் திரியைக் கொண்டுவர ஆள் இல்லை.

கார்த்திகை ஞாயிறு. அம்மாவின் திரியோடு தனியாகப் போகிறேன். லாரிகளுக்கு நடுவே தெருவைக் கடக்கிறேன். மண்டபத்தில் யாரும் இல்லை. நிற்கிறேன். கால் கடுக்கிறது. உட்காரவில்லை.

ஒரு பெண் வருகிறாள். கழுத்தில் ஆபீஸ் அட்டை. கையில் திரி.

"திதா, ஆமார்டா தொரியே தேபே?" பாட்டி, என்னுடையதை ஏற்றித் தருகிறாயா என்று வங்காளத்தில் கேட்கிறாள்.

ஏற்றிக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கும்பிட்டாள். வெளியே அவளுக்காக ஆட்டோ ஹாரன் அடித்தது. போகிறவள் திரும்பினாள்.

"ஆர் தோமார்டா?" உன்னுடையது?

பார்வையில் இரக்கம் இருந்தது. எனக்கு அது ஆகாது. திரியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"ஹோயே கேச்சே" என்றேன். ஆகிவிட்டது.

அவள் போனாள். அதன்பின் யாரும் வரவில்லை. அவள் திரி எரிந்து முடியும் வரை நின்றேன். வீட்டுக்கு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனவர்கள். அப்பா அந்தோணி. அம்மா சந்தனமரி. சுபைதாவின் வாப்பா மீரான். உம்மா கதீஜா. எங்கள் குடியிருப்பில் இன்னும் பலர். அவர்களை யாரும் எண்ணவில்லை.

இந்த வருடம் போனவள் சுபைதா.

ஏற்றாத திரி இரண்டு. ஒன்று அம்மாவின் கையோடு போயிற்று. மற்றது என் அலமாரியில் இருக்கிறது. ஏற்றித் தா என்று யாரையும் கேட்க மாட்டேன். இருக்கிறது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.