பதினெட்டுப் படி

அவிழ்க்காதீங்க தம்பி, இன்னும் முடியல. துணி இறுக்கமா இருக்கா? இருக்கட்டும். எனக்குப் பொறந்ததுலேர்ந்து கட்டியே இருக்கு, நான் ஏதாவது சொன்னேனா? சிரிங்க, சிரிங்க. சோதிக்கக் கூப்பிட்டவ நம்மளையே சோதிக்கிறாளேன்னு நினைக்கிறீங்க. எங்களை மாதிரி கண்ணு தெரியாதவங்க தடவி வழி பாக்க நீங்க செஞ்ச பலகைதானே? விரலை வைங்க. புள்ளி புள்ளியா எழும்புதா? அதான் ஆஸ்பத்திரி மூணாவது மாடி. லிஃப்டு எங்க இருக்கு, சொல்லுங்க.

எது, இந்த நாலு கோடா? நல்லாத் தடவுங்க. பக்கத்துலயும் நாலு கோடு. ஒண்ணு லிஃப்டு, ஒண்ணு படி. எது எதுன்னு பலகையோட குரல் சொல்லுமா? பொத்தானை அமுக்குங்களேன். கேட்டீங்களா? முன்னே செல்லவும். அவ்ளோதான் அதுக்குத் தெரியும்.

போன வருஷம் என் தங்கச்சி இதே நாற்காலியில உக்காந்து இதைத்தான் சொன்னா. அவளுக்கும் என்னை மாதிரிதான், பார்வை கிடையாது. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு, மாத்துங்கன்னா. நீங்க என்ன பண்ணீங்க? ஆபீஸ் ஆளுங்க அஞ்சு பேருக்குக் கண்ணைக் கட்டி சோதிச்சீங்க. அஞ்சு பேரும் பாஸ். ஆகாம என்ன? சுவத்துல மாட்டுன வரைபடத்தைத் தினமும் பாத்த கண்ணு. துணிக்குள்ளயும் அதுக்குப் படம் ஓடும்.

தங்கச்சி சொன்னதை மாத்தியிருப்பாங்கன்னு நம்பி, ஆஸ்பத்திரியில இந்தப் பலகையில விரலை வெச்சா. லிஃப்டுன்னு நினைச்சுக் காலை எடுத்து வெச்சா. பதினெட்டுப் படி. முன்ன அவளுக்குக் கண்ணு மட்டும்தான் இல்ல. இப்பக் காலும் இல்ல.

அவ கவனக்குறைவுன்னு விசாரணையில எழுதிக் குடுத்தீங்க. சொல்லவே இல்லன்னு சாதிச்சீங்க. அவ சொன்னதைச் சோதனைக் குறிப்புலேர்ந்து எடுத்தது யாரு? இங்க நம்ம ரெண்டு பேர்தானே, எதுக்கு முழுங்குறீங்க? சத்தமா, ஃபேன் சத்தத்துல கேக்கல.

நீங்களா? உங்க கையாலயேவா? ம். பலகை மாட்டுற தேதி தள்ளிப் போயிடும்னா. சரி சரி, அழாதீங்க.

இப்ப அவிழ்த்துக்கோங்க. மெதுவா, கண்ணு கூசும். ஏன் இப்படி மூச்சு வாங்குது? கண்ணைக் கட்டிட்டா எங்க கஷ்டம் புரிஞ்சிடும்னு சொல்வீங்களே, பின்னால நாற்காலி கிறீச்சுன்னது கேக்கலையா? எனக்குக் கேட்டுச்சு. உங்க முதலாளியும் ஆஸ்பத்திரிக்காரங்க ரெண்டு பேரும். செருப்பை வெளியிலயே விட்டுட்டு வாங்கன்னு நான்தான் சொன்னேன். ஓரமா இருக்கறது என் தங்கச்சி. அவ வண்டிச் சக்கரத்துக்குக் காலையிலயே எண்ணெய் போட்டுட்டேன்.