ஐஸ்கிறீம் கடையிலை என்ன கதைச்சனாங்கள்?

கஜீபன்: ...இல்லை தர்சிகா, போனை வையாதேங்கோ. ஒரேயொரு கேள்விதான்.

தர்சிகா: லாப்பிலை நிக்கிறன். மயக்கத்திலை கிடக்கிற எலி முழிச்சிடும். கெதியாக் கேளுங்கோ.

கஜீபன்: ஞாயிற்றுக்கிழமை பொம்பிளை பாக்க வந்த இடத்திலை, உங்கடை ஆக்களும் எங்கடை ஆக்களும் நல்லூர்க் கோயிலுக்குள்ளை நிக்க, எங்களைத் தனியக் கதைக்கச் சொல்லி ஐஸ்கிறீம் கடைக்கு அனுப்பினவை எல்லே...

தர்சிகா: ஓம்.

கஜீபன்: அங்கை... நாங்கள் என்ன கதைச்சனாங்கள்?

தர்சிகா: என்னது?

கஜீபன்: கோவியாதேங்கோ. எனக்குச் சரியான பதட்டம். அம்மாவின்ரை நித்திரைக் குளிசையிலை ஒண்டைப் போட்டிட்டு வந்தனான். கடைக்குள்ளை வந்தது ஞாபகம். பிறகு வீட்டை போய்ச் செருப்புக் கழட்டினது ஞாபகம். நடுவிலை... ஐஸ்கிறீம் ருசி மட்டுந்தான்.

தர்சிகா: ஐயோ! மூளையை ஆராயிற பொம்பிளையைப் பாக்க, மூளையை நித்திரையாக்கிப்போட்டோ வந்தனீங்கள்?

கஜீபன்: சிரிக்கிறியள்...

தர்சிகா: சிரிக்கேல்லை. கேளுங்கோ. ஞாபகத்தைப் பதியிற இடம் ஹிப்போகாம்பஸ். அங்கை மூளைக் கலங்கள் எல்லாம் ஒரு தாளத்திலை துடிக்கோணும். "அடி" எண்டு சொல்லுற கலங்கள் கனக்க. "நில்" எண்டு சொல்லுறது கொஞ்சம். அந்த "நில்"லைக் கேக்கிற காதுதான் நிரோத வாங்கி.

கஜீபன்: எந்த வங்கி?

தர்சிகா: வங்கி இல்லை, வாங்கி! பாங்கிலை வேலை எண்டாப்போலை எல்லாம் வங்கியோ?

கஜீபன்: சரி, வாங்கி. அது என்ன செய்யும்?

தர்சிகா: தவிலுக்குப் பேர்போன அளவெட்டி ஆள்தானே நீங்கள். தவில்காரர் கையை நிப்பாட்டாமல் அடிச்சால் தாளம் வருமோ?

கஜீபன்: இரைச்சல்தான் வரும்.

தர்சிகா: மூளையும் அப்பிடித்தான். நிப்பாட்டி நிப்பாட்டித்தான் தாளம் வரும். உங்கடை குளிசை போய் அந்த வாங்கியிலை குந்திக்கொண்டு, "நில்" எண்ட சத்தத்தைப் பெரிசாக்கிப்போட்டுது. அடிக்கவேண்டிய நேரத்திலையும் நில். தாளம் குழம்பினால் ஞாபகம் பதியாது. ஆள் கதைப்பார், சிரிப்பார், பிறகு ஒண்டும் தெரியாது.

கஜீபன்: அப்ப நான் கதைச்சனானோ?

தர்சிகா: கதைச்சதோ! வாக்கெல்லே குடுத்தனீங்கள்.

கஜீபன்: என்ன வாக்கு?

தர்சிகா: கலியாணத்துக்குப் பிறகு சமையல் முழுக்க நீங்கள்தான் எண்டு.

கஜீபன்: நானோ? எனக்குத் தேத்தண்ணி போடவும் தெரியாது!

தர்சிகா: என்ரை எலியளுக்கு வீட்டிலை ஒரு அறை எண்டும்...

கஜீபன்: எலிக்கு அறையோ! எலியைக் கண்டால் நான் மேசையிலை ஏறுற ஆள்.

தர்சிகா: மேசையிலை நிண்டுகொண்டே சாப்பாடு போடுறன் எண்டனீங்கள்.

கஜீபன்: ...சரி. எல்லாத்துக்கும் ஓம். இப்ப நான் கேக்க வந்ததைச் சொல்லுங்கோ. நீங்கள் என்ன சொன்னனீங்கள்? என்னைப் பிடிச்சிருக்கெண்டோ, இல்லையெண்டோ?

தர்சிகா: அதுக்கு... இப்ப என்ன அவசரம்?

கஜீபன்: அவசரமோ? நீங்கள் ஓம் எண்டதா நான் வீட்டிலை சொல்லிப்போட்டன். அம்மா தாலிக்குப் பொன்னுருக்க நாள் கேக்க ஐயரிட்டைப் போறதுக்கு வெளிக்கிட்டு நிக்கிறா. இல்லையெண்டு சொல்லியிருந்தால் இப்பவே மறிக்கோணும்.

தர்சிகா: ஏன் பொய் சொன்னனீங்கள்?

கஜீபன்: எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அது குளிசை போட முந்தியே, போட்டோவைப் பாத்தவுடனை பிடிச்சது. ஆனால் உங்களுக்கு விருப்பமில்லாமல், பொய்யிலை தாலி கட்ட எனக்கு மனமில்லை.

தர்சிகா: கொஞ்சம் பொறுங்கோ...

கஜீபன்: தர்சிகா? எலி முழிச்சிட்டுதோ?

தர்சிகா: இல்லை... சமையலும் எலியறையும் நான் சும்மா அவிட்டுவிட்டது.

கஜீபன்: நினைச்சன்! அப்ப உண்மையா என்னதான் கதைச்சனாங்கள்?

தர்சிகா: எனக்கெப்பிடித் தெரியும் கஜீபன்? பதட்டத்திலை நானும் ஒரு நித்திரைக் குளிசை போட்டிட்டெல்லே வந்தனான்! ...மாமியை மறியாதேங்கோ, போகட்டும். இண்டைக்கு நான் ஒண்டும் போடேல்லை. இப்ப சொல்லுறன்... ஓம்.