மூன்றடி உயரம்

என் வகுப்பில் யாராவது ஒருவர் தூங்குவார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. உயரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நான் நடத்தும் மறுபயிற்சி அது. தெரிந்ததையே திரும்பச் சொன்னால் கண் சொக்கத்தான் செய்யும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் மேசையைத் தட்டுவேன். தோளிலும் தொடையிலும் மாட்டும் பாதுகாப்பு பெல்ட் கீழே விழாமல் பிடிக்கும், அவ்வளவுதான். பிடித்த பிறகு அதுவே தொடையை இறுக்கும். ரத்தம் காலில் தங்கிவிடும். கால் மணி நேரத்தில் மயக்கம் வரும், அப்புறம் உயிரே போகும். அதற்காகத்தான் பெல்ட்டின் இடுப்புப் பையில் கால்பட்டி இருக்கிறது. அதை உருவித் தொங்கவிட்டு, அதில் பாதத்தை ஊன்றி எழுந்து நின்றால் பிழைக்கலாம்.

போன வருடம் என் மச்சான், மனைவியின் தம்பி, ஏழாவது மாடிச் சாரத்திலிருந்து நழுவினான். பெல்ட் பிடித்துக்கொண்டது. "சார், இங்கயே ஒரு டீ அனுப்புங்க" என்று கத்தினானாம். எல்லோரும் சிரித்தார்களாம். அவனை இறக்கும் கயிறும் கப்பியும் ஸ்டோரில் இருந்தன. சாவி சூப்பர்வைசரின் சட்டைப்பையில் இருந்தது. "பெல்ட்தான் பிடிச்சிருச்சே, என்ன அவசரம்? மேனேஜர் வரட்டும்" என்றார் அவர். இருபத்தாறு நிமிடம். மேனேஜர் வந்தபோது மச்சானிடம் உயிர் இல்லை.

அன்று என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள். "நீங்க அவனுக்கு இதெல்லாம் சொல்லித் தரலையா?" சொல்லித் தந்தேன் என்றேன். அதற்குப் பிறகு சூப்பர்வைசரை நினைத்து வயிறு எரியாமல் நான் ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

இந்த மாதம் அவருக்கே மறுபயிற்சி வந்தது. தாமதமாக வந்ததால் அவருக்குச் செய்முறை மட்டும் பாக்கி. மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். செல்போனை மேசையில் வைக்கச் சொன்னேன், அது விதி. பெல்ட்டை நானே மாட்டிவிட்டேன். அதன் கால்பட்டியைக் காலையிலேயே கழற்றி வைத்திருந்தேன். சங்கிலிக் கப்பியில் ஏற்றினேன். தரையிலிருந்து மூன்றடி, ஒரு மேசையைவிடக் கொஞ்சம்தான் உயரம். கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள்களைத் திருத்தினேன்.

"போதும்யா, இறக்கு."

"பெல்ட்தான் பிடிச்சிருச்சே சார், என்ன அவசரம்?"

அவருக்குப் புரிந்துவிட்டது. கத்தினார். வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அழுதார். தன் பிள்ளைகளைச் சொன்னார். எனக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று, ஒரு வருடத்தில் முதல்முறையாக. பயமுறுத்தத்தான் நினைத்தேன். பத்தாவது நிமிடம் இறக்கிவிட எழுந்து சங்கிலியைக்கூடப் பிடித்தேன்.

அப்போதுதான் அவர் கேட்டார். "உன் மச்சான் கால்பட்டிய எடுக்கவே இல்லையே. அப்படி ஒண்ணு இருக்கறதே அவனுக்குத் தெரியலையே. உன் கிளாஸுக்கு வந்தவன்தானே?"

சங்கிலியை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். மீதி விடைத்தாள்களையும் திருத்தி முடித்தேன். ஆமாம், நான்தான் கொன்றேன்.

இன்ஸ்பெக்டர் சார், மச்சானின் பயிற்சி வருகைத் தாளை எதற்காகத் தேடி எடுத்தீர்கள் என்று தெரியவில்லை. வகுப்பு நாளன்று அவன், "எல்லாம் தெரிஞ்சதுதானே மாமா, என் கையெழுத்தை நீங்களே போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டுச் சினிமாவுக்குப் போனான். அதில் இருப்பது என் கையெழுத்துதான். இந்த வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என் மனைவியிடம் அதைக் காட்ட வேண்டாம்.