ஆறட்டும் என்று வைத்த கஹ்வா

மேடையில் அமர்ந்திருக்கும் ஷேக் முஸல்லம் அவர்களே, சீனத் தலைமைப் பொறியாளர் லுவோ அவர்களே, துக்ம் துறைமுகத்து நண்பர்களே, உங்கள் அனைவர் மீதும் சாந்தி நிலவட்டும்!

நம் மொழிபெயர்ப்பாளர் உஸ்தாத் மா லியாங்ஷான் போய்விட்டார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர், அப்படியே சாய்ந்தார். நம் எண்ணெய்க்கும் சீனர்களின் கப்பலுக்கும் நடுவே இத்தனை வருடம் நாவாக இருந்தவர் போய்விட்டாரா! இனி யார் பேசுவார் நமக்காக?

சீனர்கள் என்னை அறிவாளி என்று நம்புகிறார்கள். என் உளறலை அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் மா அல்லவா! அவரோடு என் அறிவும் அடக்கமாகிவிட்டது.

ஷேக்கின் கூடாரம் நினைவிருக்கிறதா? அவருடைய மேய்ச்சல் நிலத்தின் வழியே எண்ணெய்க் குழாய் போக வேண்டியிருந்தது. லுவோ, கொடுத்த கஹ்வாக் காபியில் வாய் வைக்காமல் கிண்ணத்தைக் கீழே வைத்தார். விருந்தாளி அப்படி வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று பொருள்; கேட்டதைக் கொடுப்பது வீட்டுக்காரரின் மானம் என்பது நம் வழக்கம். ஷேக் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குடிங்க. என்ன கேட்டாலும் தந்துட்டேன்."

மா சீனத்தில் விளக்கினார். பிறகு நடந்ததை லுவோவே எங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"அட, அப்போ நிலத்தையே கேட்டுடுப்பா!" என்றாராம் மாவிடம்.

"கொடுத்துடுவார் சார். அதனாலதான் கேட்கக்கூடாது."

மா ஷேக்கின் பக்கம் திரும்பினார். "ரொம்ப சூடா இருக்காம் ஷேக். ஆறட்டும்னு வெச்சிருக்கார்."

"இதுவா சூடு? இந்த மனுஷன் இங்க குழாய் போட்டுக் கிழிச்சிடுவார்!"

ஷேக் சிரித்த சிரிப்பில் வெளியே ஒட்டகங்கள் மிரண்டன. அதன்பிறகு முறையாகப் பேரம் பேசித்தான் குழாய் வந்தது. ஒட்டகங்களுக்குத் தண்ணீர்த் தொட்டியும் வந்தது. இன்று இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து அழுகிறார்கள்.

அவருடைய இடத்துக்கு இப்போது இயந்திரம் வாங்கப் போகிறார்களாம். என் உளறலை அது அப்படியே சொல்லிவிடும்; வம்பு எனக்குத்தானே முதலில் வரும்! "நிலத்தைக் கேள்" என்றால் அது கேட்டே விடும் ஐயா! மானம் மரியாதை அதற்குத் தெரியுமா?

என் பேச்சை இப்போது சீனத்தில் சொல்லிக்கொண்டிருப்பவள் யார்? அவர் மகள் ஸஃபிய்யா! தந்தையிடமே இந்த வேலையைக் கற்றவள். அவர் இடத்தில் அவள் அமரும்வரை நாங்கள் ஓயமாட்டோம், இது உறுதி...

என்னம்மா, நிறுத்திட்டே?

"முடியல சாச்சா. வாப்பா போயிட்டார்னு நானே எத்தனை தடவை சொல்றது?"

பார்த்தீர்களா சபையோரே? இயந்திரம் இந்த இடத்தில் நின்றிருக்காது.

காத்திருக்கோம்மா. மெதுவாச் சொல்லு.